எருமைகளை வெளியேற்றிய பிறகு

1938 நவம்பரில் ஒரே நாளில், இன்றைய ராஜஸ்தானத்திலுள்ள பரத்பூரின் ஏரியில் 4,273 பறவைகள் சுட்டு வீழ்த்தப்பட்டன. சுட்டவர்கள் அன்றைய வைஸ்ராய் லின்லித்கோ பிரபுவும் மகாராஜாவின் மற்ற விருந்தினர்களும். அந்த ஏரியில் நடந்த இத்தகைய வேட்டைகளின் கணக்கு, நாள், தலைமை விருந்தினர், துப்பாக்கிகள், பறவைகள் என்று வரிசையாகக் கல்லில் பொறிக்கப்பட்டு இன்றும் அங்கே நிற்கிறது. நாற்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1982 நவம்பரில், அதே இடத்துக்குள் எருமைகளை மேய்ச்சலுக்கு ஓட்டி வரக் கூடாது என்ற தடை நடைமுறைக்கு வந்தது. எதிர்த்துத் திரண்ட சுற்றுக் கிராமத்தவர்கள்மீது காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியதில் உயிர்கள் போயின.

இந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் அடுத்தடுத்து வைத்தால் எவருக்கும் கோபம் வரும். ஆனால் அதன் பிறகு அந்த ஏரிக்கு என்ன ஆனது என்பதுதான், இயற்கைப் பாதுகாப்பு என்ற பெயரில் மேல்மட்டத்தில் எடுக்கப்படும் முடிவுகளைப் பற்றி எனக்கு மிகுதியாகக் கற்றுக்கொடுத்தது.

கேவலாதேவ் தேசியப் பூங்கா என்று இன்று அழைக்கப்படும் அந்த இடம் சுமார் 29 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஆழமற்ற நீர்நிலை. அது தானாக உருவான காடோ ஏரியோ அன்று. தாழ்வான ஒரு நிலத்தில் கரைகள் எழுப்பி, அஜான் அணையிலிருந்து கால்வாய் வழியாகத் தண்ணீரைத் திருப்பி, மடைகளைத் திறந்தும் அடைத்தும் வாத்து வேட்டைக்கென்றே சமஸ்தானம் உருவாக்கிப் பராமரித்த நீர்நிலை அது. அரசர்கள் நீரைப் பார்த்துக்கொண்டார்கள் என்றால், புல்லைப் பார்த்துக்கொண்டவை கிராமங்களின் எருமைகள். நீர் வற்றும் பருவத்திலும் நிறைந்திருக்கும் பருவத்திலும் அவை உள்ளே இறங்கி மேய்ந்தன. ஊரார் புல் அறுத்தார்கள், விறகு பொறுக்கினார்கள். 1980களின் தொடக்கத்தில் அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, சரணாலயத்துக்குள் கால்நடை மேய்ச்சலை நெறிப்படுத்தி அனுமதிக்க இடமுண்டு. தேசியப் பூங்காவுக்குள் எந்தக் கால்நடையும் மேயக் கூடாது. எந்த நிலம், எந்தப் பருவம், எத்தனை மாடு என்ற கேள்விகளுக்கே அந்தப் பிரிவில் இடமில்லை.

மேய்ச்சலை நிறுத்த வேண்டும் என்று விரும்பியவர்களில், பறவையியலில் இந்தியாவின் மிகப் பெரிய பெயரான சாலிம் அலியும் அவர் சார்ந்த பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகமும் இருந்தனர். எருமைகள் பறவைகளின் வாழிடத்தைக் கெடுக்கின்றன என்பது அப்போது ஐயத்துக்கு இடமில்லாத உண்மையாகக் கருதப்பட்டது. அதே கழகம் 1980களில் அங்கே நீண்ட காலச் சூழலியல் ஆய்வொன்றை நடத்தியது. ஏறக்குறைய பத்தாண்டுகள் நீடித்த அந்த ஆய்வின் முடிவு எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக இருந்தது. எருமைகள் போன பிறகு பாஸ்பாலம் என்னும் ஒருவகை நீர்ப்புல் கட்டுக்கடங்காமல் வளர்ந்து, திறந்த நீர்ப்பரப்பை மூடிக்கொண்டது. வாத்துகளுக்கும் நாமக்கோழிகளுக்கும் நீந்தவும் மூழ்கவும் இடம் வேண்டும். நாரைகளுக்கும் கொக்குகளுக்கும் நடந்து இரை தேட ஆழமற்ற வெளி வேண்டும். கோரைக் கிழங்கைத் தோண்டித் தின்னும் பறவைகளுக்கு அலகு மண்ணைத் தொட வேண்டும். பாய் விரித்ததுபோல் புல் மூடிய நீரில் இவை எதுவும் நடக்காது. அந்தப் புல்லை ஆண்டுதோறும் தின்று அளவோடு வைத்திருந்தவை எருமைகளே என்று அந்த ஆய்வு சொன்னது. காய்ந்த புல் கோடையில் தீக்கு எண்ணெயாயிற்று என்பது கூடுதல் தொல்லை. பிறகு புல்லை அகற்ற இயந்திரங்களும், கிராமத்தவர்களுக்கு அனுமதிச் சீட்டுக் கொடுத்துப் புல் அறுக்கவிடும் ஏற்பாடும் வந்தன. எந்த வேலையைச் செய்ததற்காக அவர்கள் வெளியேற்றப்பட்டார்களோ, அதே வேலைக்குச் சீட்டு.

தான் ஆதரித்த தடை தவறான விளைவைத் தந்தது என்று தன் ஆய்வின் வழியாகவே ஒப்புக்கொண்ட அந்தக் கழகத்தின் அறிவு நேர்மையை நான் மதிக்கிறேன். எல்லா நிறுவனங்களுக்கும் அது வராது. பரத்பூருக்குச் சைபீரியக் கொக்குகள் வராமல் போனதற்கும் இந்தத் தடையே காரணம் என்று சிலர் எழுதுவதை மட்டும் நான் ஏற்கவில்லை. அந்தக் கூட்டத்தின் அழிவில் வலசைப் பாதையில் நடந்த வேட்டைக்குப் பெரும் பங்குண்டு. என் ஆதங்கம் வேறு. பத்தாண்டு ஆராய்ந்து தெரிந்துகொண்ட செய்தியில் ஒரு பகுதியையாவது தடைக்கு முன்பே தெரிந்துகொள்ள வழியிருந்தது. புல்லும் நீரும் எருமையும் எப்படிச் சேர்ந்து இயங்குகின்றன என்பதை ஆண்டு முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பூங்காவின் மதிலுக்கு வெளியே ஒவ்வொரு ஊரிலும் இருந்தார்கள். முடிவெடுக்கும் மேசையில் அவர்களுக்கு நாற்காலி போடப்படவில்லை. அவர்களுடைய பயன்பாடே குற்றம் என்று கருதப்பட்ட பிறகு அவர்களிடம் எப்படிக் கேட்பது?

பயன்பாட்டைக் குற்றமாகப் பார்க்கும் இந்தப் பழக்கத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. இங்கிலாந்தில் நார்மன் அரசர்கள் வேட்டைக்காக ஒதுக்கிய காடுகளில் குடியானவன் பன்றி மேய்ப்பதும் சுள்ளி பொறுக்குவதும் தண்டனைக்குரியவை ஆயின. 1217இல் வெளியான வனப் பட்டயம் அந்த உரிமைகளில் பலவற்றை மீட்டுக் கொடுத்ததோடு, அரசனின் மானுக்காக இனி எவனும் உயிரையோ உறுப்பையோ இழக்க வேண்டியதில்லை என்றும் அறிவித்தது. ஐந்நூறு ஆண்டுகள் கழித்து, 1723இல், முகத்தில் கரி பூசிக்கொண்டு மான் வேட்டைக்குப் போகிறவர்களுக்கு மரண தண்டனை விதிக்கும் சட்டத்தை அதே நாட்டின் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. 1842இல் ஜெர்மனியின் ரைன் மாகாணத்தில், காட்டில் விழுந்து கிடக்கும் விறகைப் பொறுக்குவதும் திருட்டே என்று சொன்ன சட்டத்தைக் கண்டித்து ஓர் இளம் பத்திரிகையாளர் எழுதினார். கார்ல் மார்க்ஸ் என்ற அவர் பொருளியல் கேள்விகளின் பக்கம் திரும்பியது அந்த விறகிலிருந்துதான்.

இந்தியாவில் இதே விவாதம் 1870களில் இரண்டு ஆங்கில ஆட்சி அதிகாரிகளுக்கிடையே நடந்தது என்பது பலருக்குத் தெரியாது. ஊரார் தலைமுறைகளாகக் காட்டைப் பயன்படுத்தி வந்த வழக்கமே உரிமையை உண்டாக்கும் என்பது, வனத்துறையின் முதல் தலைவரான டீட்ரிச் பிராண்டிஸின் நிலைப்பாடு. அரசு வெளிப்படையாக எழுதிக் கொடுக்காத எதுவும் உரிமையாகாது, அது எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறத்தக்க சலுகை மட்டுமே என்பது இன்னோர் அதிகாரியான பி. எச். பேடன் பவலின் வாதம். சென்னை மாகாண அரசு இந்த இரண்டாவது வாதத்தைக் கடுமையாக எதிர்த்தது. ஏதோ ஒரு கிராமத்தின் எல்லைக்குள் வராத காடு இந்த மாகாணத்தில் அநேகமாக இல்லை என்று வருவாய் வாரியம் எழுதியது. ஆனாலும் 1878ஆம் ஆண்டின் வனச் சட்டம் பெருமளவு பேடன் பவலின் வழியில்தான் போயிற்று; எதிர்த்துப் பேசிய சென்னையும் 1882இல் தனக்கென ஒரு வனச் சட்டத்தைக் கொண்டுவந்தது. எழுதப்படாத வழக்கம் எதுவும் அரசின் தயவில் நிற்கிறது என்ற அந்த அடிப்படை, ஆட்சி மாறிய பிறகும் அலுவலகங்களில் மாறாமல் நின்றுவிட்டது.

அமெரிக்காவில் இது இன்னும் பச்சையாக நடந்தது. உலகின் முதல் தேசியப் பூங்காவான யெல்லோஸ்டோன் 1872இல் அறிவிக்கப்பட்டது. 1886 முதல் 1918 வரை அதை நிர்வகித்தது ராணுவம். அதன் தெற்கே ஜாக்சன் ஹோல் பள்ளத்தாக்கில் எல்க் மான்களைச் சுடக் கிழக்கு மாநிலங்களிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் செல்வந்தர்கள் வந்தார்கள். அவர்களை அழைத்துப் போகும் வழிகாட்டிகளுக்கு அது நல்ல பிழைப்பு. அதே மான்களைக் குளிர்காலத்துக்கான இறைச்சிக்காக வேட்டையாடியவர்கள் பானக் பழங்குடியினர். ஆளில்லாத அரசு நிலங்களில், வேட்டை விலங்கு இருக்கும் வரையிலும் அமைதி நிலவும் வரையிலும் வேட்டையாடலாம் என்று 1868இல் அமெரிக்க அரசு அவர்களோடு உடன்படிக்கை செய்திருந்தது. 1895இல் வயோமிங் மாநிலத்தின் வேட்டைச் சட்டத்தைக் காட்டி அவர்களைக் கைது செய்யக் கிளம்பிய கும்பல் ஒருவரைக் கொன்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் போயிற்று. வயோமிங் ஒரு மாநிலமாக ஆனபோதே அந்த உடன்படிக்கை உரிமை அழிந்துவிட்டது என்று 1896இல் தீர்ப்பு வந்தது. அந்தத் தருக்கம் செல்லாது என்று அதே நீதிமன்றம் சொல்ல 2019 ஆக வேண்டியிருந்தது. குரோ பழங்குடியைச் சேர்ந்த ஒருவர் எல்க் மானைத் துரத்திக்கொண்டு வயோமிங்குக்குள் போன வழக்கில், அதுவும் ஐந்துக்கு நான்கு என்ற மயிரிழைப் பெரும்பான்மையில். இடைப்பட்ட 123 ஆண்டுகளில், தோளில் துப்பாக்கியோடு காட்டுக்குள் போகும் இரண்டு பேரில் கொம்புக்காகச் சுடுகிறவன் விளையாட்டு வீரனாகவும் கறிக்காகச் சுடுகிறவன் கள்ள வேட்டைக்காரனாகவும் இருந்தார்கள்.

விலங்கைவிடவும் நெருப்பின் விஷயத்தில்தான் இந்தத் தவறான புரிதல் அதிகச் சேதம் செய்திருக்கிறது என்று நினைக்கிறேன். காட்டுத் தீ என்ற சொல்லைக் கேட்டதும் நகரத்தில் வாழ்பவர் மனத்தில் எழும் காட்சி ஒன்றே ஒன்று: எரிந்து கருகிய மரங்கள், ஓடும் விலங்குகள். ஆகவே காட்டில் நெருப்பு வைக்கும் எவரும் அறிவிலி அல்லது குற்றவாளி. ஆனால் கோடை உச்சத்தில் தானாகப் பற்றி மரத்தின் உச்சி வரை ஏறும் தீயும், கோடை தொடங்கும் முன்பே சருகுக்கு மட்டும் வைக்கப்பட்டு முழங்கால் உயரத்தில் ஊர்ந்து அணையும் தீயும் ஒன்றல்ல.

கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன் மலையில் வாழும் சோளகர்கள் இந்த இரண்டாவது வகைத் தீயைத் தரகு பெங்கி என்று அழைக்கிறார்கள். சருகுத் தீ என்று பொருள். சருகில் இன்னும் சற்று ஈரம் இருக்கும் நாட்களில் அதை வைத்தால் தரை மட்டும் எரியும். புதிய புல் முளைக்கும். நெல்லிமரத்தைப் பற்றும் புல்லுருவியும் உண்ணிச்செடியின் இளங்கன்றுகளும் கட்டுப்படும் என்பது அவர்கள் சொல்லும் விளக்கம். 1974இல் அந்த மலை சரணாலயம் ஆனது. சோளகர்கள் ஆங்காங்கே குடியமர்த்தப்பட்டார்கள். தீ வைப்பது தடை செய்யப்பட்டது. அதன் பிறகு உண்ணிச்செடி காட்டை எப்படி நிரப்பியது என்பதை அங்கே நடந்த ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. 1997க்கும் 2008க்கும் இடைப்பட்ட காலத்தில் மட்டும் அது காணப்பட்ட இடங்கள் ஏறக்குறைய இரட்டித்தன. தீத்தடை மட்டுமே இதற்குக் காரணம் என்று அடித்துச் சொல்வது நியாயமாகாது, உண்ணிச்செடி தீ பரவும் காடுகளிலும் பெருகியிருக்கிறது. ஆனால் அடர்ந்து காய்ந்த உண்ணிப் புதருக்குள் இனி ஒரு தீ விழுந்தால் அது முழங்கால் உயரத்தில் நிற்காது என்பதை அந்த மலையைப் பார்த்த எவரும் ஒப்புக்கொள்வர். இப்போது பழைய முறைக்குத் திரும்பலாம் என்றால், எரிபொருள் அவ்வளவு சேர்ந்துவிட்ட நிலையில் அதுவே ஆபத்தாகிவிட்டது. தடை என்பது எந்நேரமும் நீக்கிவிடக்கூடிய ஏற்பாடு என்று எண்ணுகிறோம். பல இடங்களில் நீக்க முடியாதபடி நிலமே மாறிவிடுகிறது.

கலிஃபோர்னியாவிலும் இதே கதைதான். அங்கே பூர்வகுடிகள் புல்வெளிக்குத் தீ வைப்பதை 1850ஆம் ஆண்டின் ஒரு மாநிலச் சட்டம் தண்டனைக்குரியது ஆக்கியது. 1935 முதல் அமெரிக்க வனத்துறை, எந்தத் தீயும் மறுநாள் காலை பத்து மணிக்குள் அடக்கப்பட வேண்டும் என்பதைக் கொள்கையாகவே வைத்திருந்தது. யுரோக், கருக் ஆகிய பழங்குடியினர் கூடை முடைவதற்கு ஹேசல் செடியின் குச்சியைப் பயன்படுத்துகிறார்கள். எரித்த நிலத்தில் அடுத்த பருவத்தில் துளிர்க்கும் குச்சிதான் நேராகவும் கிளையின்றியும் வளைக்கத்தக்கதாகவும் வரும். எரிக்காத புதரில் கோணல் குச்சியே கிடைக்கும். ஆகவே தீயைத் தடுத்த சட்டம், யாரும் எண்ணிப் பார்க்காத வகையில், கூடை முடையும் கலையையும் சேர்த்தே முடக்கியது. இன்று பெருந்தீக்களால் திணறும் அதே மாநிலம், பண்பாட்டு முறையில் தீ வைப்பதற்குச் சட்டப் பாதுகாப்பை 2021 முதல் படிப்படியாகத் திருப்பித் தந்துகொண்டிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் மேற்கு ஆர்ன்ஹெம் நிலத்தில் 2006இலிருந்து பூர்வகுடி வனக்காவலர்கள் வறட்சிப் பருவத்தின் தொடக்கத்திலேயே திட்டுத் திட்டாக எரிக்கிறார்கள். அந்தப் பருவத்தின் இரவுப் பனியே தீயை அணைத்துவிடும். பின்பருவப் பெருந்தீ குறைவதால் வெளியாகும் கரிமப் புகையும் குறைகிறது. அந்தக் குறைவுக்காகவே ஓர் எரிவாயு ஆலை அவர்களுக்குப் பணம் தந்தது. நெருப்பு வைப்பவனுக்கு அபராதம் விதித்த உலகத்திலேயே நெருப்பு வைப்பதற்கு ஊதியமும் கிடைக்கத் தொடங்கிவிட்டது.

பொதுவில் கிடக்கும் வளம் எதுவும் அழிந்தே தீரும் என்ற வாதம்தான் இத்தனை தடைகளுக்கும் அறிவுலகக் கவசம். 1968இல் அமெரிக்கச் சூழலியலாளர் கேரட் ஹார்டின் எழுதிய கட்டுரை இதைப் பிரபலமாக்கியது: திறந்த மேய்ச்சல் நிலத்தில் ஒவ்வொருவனும் இன்னொரு மாட்டை விடத்தான் பார்ப்பான், முடிவில் புல்லே மிஞ்சாது. யாருக்கும் சொந்தமில்லாத, விதியே இல்லாத நிலத்துக்கு இது பொருந்தலாம். ஹார்டினே பிற்காலத்தில், நிர்வகிக்கப்படாத பொது நிலம் என்றுதான் தாம் சொல்லியிருக்க வேண்டும் என்று திருத்திக்கொண்டார். உண்மையான மேய்ச்சல் நிலங்கள் பெரும்பாலும் அப்படிக் கிடந்ததில்லை. சுவிட்சர்லாந்தின் தோர்பெல் என்னும் மலைக் கிராமத்தில் 1517இல் எழுதப்பட்ட விதி ஒன்று இருக்கிறது: குளிர்காலத்தில் தன் சொந்த வைக்கோலைக் கொண்டு எத்தனை மாட்டைக் காப்பாற்ற முடியுமோ, அத்தனை மாட்டைத்தான் ஒருவன் கோடையில் பொது மேய்ச்சலுக்கு அனுப்பலாம். ஆளுக்கு இத்தனை என்று எண் எதுவும் விதிக்காமல், அவனவன் நிலத்தின் விளைச்சலோடு பொது நிலத்தின் சுமையைக் கட்டிவிட்ட அந்த விதியின் அழகை நான் வியந்துகொண்டே இருக்கிறேன். மீறினால் அபராதம், அபராதத்தில் பாதி, அதைப் பிடித்துக் கொடுக்கும் ஊர் அலுவலருக்கு. இத்தகைய எத்தனையோ ஏற்பாடுகளை ஆராய்ந்த எலினார் ஆஸ்ட்ரமுக்கு 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் ஹார்டினைப் படித்து உருவான வனக் கொள்கைகள் ஆஸ்ட்ரமைப் படித்துத் திருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

வழக்கம் என்பதாலேயே அது நியாயமானது என்று நான் சொல்ல வரவில்லை. அதே தோர்பெல்லில், வெளியூரிலிருந்து வந்து நிலம் வாங்கியவனுக்குப் பொது மேய்ச்சலில் பங்கு கிடையாது. சொந்த வைக்கோல் இல்லாத ஏழைக்கு அந்த அழகான விதி எதையும் தராது. ஊர் வழக்கம் என்று பெரியவர்கள் கூடிச் சொல்வது பல நாடுகளில் மாடுள்ளவர்களின் வழக்கம் மட்டுமே; தலைச்சுமையாக விறகு கொண்டுவரும் பெண்ணும் நிலமற்றவரும் அந்தக் கூட்டத்தில் பேசுவதில்லை. வெளிச்சந்தை ஒரு மரத்துக்கோ தோலுக்கோ பெரிய விலை வைத்துவிட்டால், வீட்டுத் தேவைக்காக வகுக்கப்பட்ட விதி அதன் முன் நிற்பதும் அரிது. ஆனால் இந்தக் குறைகளைச் சுட்டிக்காட்டி முழுத் தடை விதிக்கிறவர்கள், அந்தத் தடை யார்மீது விழுகிறது என்று பார்ப்பதில்லை. மேய்ச்சல் நின்றால் வயலுள்ளவன் தீவனம் விளைவித்துத் தொழுவத்திலேயே மாடு கட்டிக்கொள்வான். ஊரின் ஏற்றத்தாழ்வை எதிர்த்துக் கொண்டுவரப்பட்டதாகச் சொல்லப்படும் தடை, அந்த ஏற்றத்தாழ்வின் அடியில் இருப்பவரையே முதலில் வெளியேற்றுகிறது.

கட்டுப்பாடே கூடாது என்று யாரும் கேட்கவில்லை என்பதற்கு அலாஸ்காவின் வடகரை நல்ல சான்று. அங்கே வாழும் இன்யுப்பியட் மக்கள் போஹெட் திமிங்கிலத்தை வேட்டையாடியே வாழ்ந்துவந்தவர்கள். 1848 முதல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை வெளியிலிருந்து வந்த வணிகக் கப்பல்கள் எண்ணெய்க்காகவும் மேல்தாடையில் தொங்கும் தகடுகளுக்காகவும் அந்தத் திமிங்கிலத்தைக் கொன்று குவித்தன. அழித்தவர்கள் போய்ச் சேர்ந்து அரை நூற்றாண்டுக்கு மேலான பிறகு, 1977இல், சர்வதேசத் திமிங்கில ஆணையம் இன்யுப்பியட் வேட்டைக்குத் தடை விதித்தது. ஓரிரு ஆயிரங்களுக்குள்தான் எஞ்சியிருக்கின்றன என்பது அறிவியலாளர்களின் மதிப்பீடு. உங்கள் கணக்குத் தவறு என்று வேட்டைத் தலைவர்கள் சொன்னார்கள். பனிக்கட்டியின் விளிம்பில் நின்று, திறந்த நீரில் கடந்து போகும் திமிங்கிலங்களை மட்டும் எண்ணுகிறீர்கள். கண்ணுக்கெட்டாத தொலைவில் போகிறவற்றையும், பனிக்கு அடியில் நீந்தி அதை முதுகால் உடைத்து மூச்சு விடுகிறவற்றையும் எண்ணவில்லை என்பது அவர்களுடைய வாதம்.

இங்கே நடந்தது வேறெங்கும் அவ்வளவாக நடக்காத ஒன்று. அந்த வாதம் சோதித்துப் பார்க்கப்பட்டது. இன்யுப்பியட் மக்கள் அந்த ஆண்டே தங்களுக்கென ஒரு திமிங்கில வேட்டை ஆணையத்தை அமைத்தார்கள். மறு ஆண்டு முழுத் தடைக்குப் பதிலாகப் பன்னிரண்டு திமிங்கிலங்களைக் கரை சேர்க்கலாம் அல்லது பதினெட்டைத் தாக்கலாம் என்ற சிறு ஒதுக்கீடு கொடுக்கப்பட்டது. அது மிகக் குறைவு என்று முணுமுணுத்தாலும் தங்கள் ஆட்களைக் கட்டுப்படுத்தும் பொறுப்பை அந்த ஆணையம் ஏற்றது. நீருக்கடியில் ஒலிவாங்கிகளை இறக்கித் திமிங்கிலங்களின் குரலைக் கேட்டு எண்ணும் முறை வந்தது, விமானத்திலிருந்தும் எண்ணினார்கள். வேட்டைக்காரர்கள் சொன்ன இடங்களிலெல்லாம் திமிங்கிலங்கள் இருந்தன. 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எண்ணிக்கை பத்தாயிரத்தைத் தாண்டியது. வேட்டை இன்றும் ஒதுக்கீட்டோடு நடக்கிறது, திமிங்கிலமும் பெருகியிருக்கிறது. அறிவியல் அங்கே தோற்கவில்லை. எதை எங்கே எண்ண வேண்டும் என்பதைத் தெரிந்தவர்களின் பேச்சைக் கேட்டதால் அது இன்னும் நல்ல அறிவியல் ஆயிற்று.

கேட்காமல் போனால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானா சான்று. 1961இல் ஏற்படுத்தப்பட்ட மத்திய கலஹாரி காப்பகம், விலங்குகளோடு அங்கு வாழ்ந்த பூர்வகுடிகளான சான் மக்களின் வேட்டை வாழ்வையும் காப்பதற்கென்றே உருவானது. 1997இலும் 2002இலும் அவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களுடைய ஆழ்துளைக் கிணறு மூடப்பட்டது. வெளியேற்றம் சட்டவிரோதம் என்று 2006இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகும் தண்ணீர் எடுக்க அனுமதியில்லை. அதற்கு இன்னொரு வழக்கும் 2011ஆம் ஆண்டின் மேல்முறையீட்டுத் தீர்ப்பும் தேவைப்பட்டன. அந்த இடைவெளியில் அதே காப்பகத்துக்குள் நீச்சல் குளத்துடன் சுற்றுலா விடுதி ஒன்று திறக்கப்பட்டது. 2014இல் வைரச் சுரங்கமும் திறக்கப்பட்டது.

2022 டிசம்பரில் மான்ட்ரியலில் கூடிய நாடுகள், 2030க்குள் பூமியின் நிலத்திலும் கடலிலும் 30 விழுக்காட்டைப் பாதுகாக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டன. அப்போது பாதுகாக்கப்பட்டிருந்த நிலம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. ஆகவே எட்டே ஆண்டுகளில் அது ஏறக்குறைய இரட்டிக்க வேண்டும். பூர்வகுடிகளின் உரிமைகளை மதித்து என்ற சொற்றொடர் அந்த இலக்கிலேயே சேர்க்கப்பட்டிருப்பது உண்மை; அதைச் சேர்க்கப் பலர் போராடினார்கள். ஆனால் புதிதாகச் சேர்க்கப்படும் நிலம் யாருடைய மேய்ச்சலாகவும் யாருடைய விறகாகவும் இருந்ததோ, அவர்களில் பெரும்பாலோரிடம் அந்தப் பயன்பாட்டுக்குப் பத்திரம் கிடையாது. இந்தியாவின் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இந்தச் சிக்கலை ஓரளவு நேராகவே எதிர்கொண்டது: மேய்ச்சல், மரமல்லாத விளைபொருள், மீன், நாடோடி மேய்ப்பர்களின் பருவகால நுழைவு ஆகியவற்றை உரிமைகளாகவே எழுதியது; முதியவர்களின் வாய்மொழி, பழைய கிணறு, இடுகாடு, வழிபாட்டு இடம் ஆகியவற்றையும் சான்றாக ஏற்கச் சொன்னது. 2011இல் பிலிகிரி ரங்கன் மலைச் சோளகர்களின் சமூக வன உரிமை அங்கீகரிக்கப்பட்டது இந்தச் சட்டத்தால்தான், அதுவும் அந்த மலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட அதே ஆண்டில். ஆனால் 2019 பிப்ரவரி 13 அன்று, உரிமை மனு நிராகரிக்கப்பட்டவர்களை வெளியேற்றும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட மனுக்கள் அதில் அடங்கும். இரண்டு வாரங்களில் அந்த உத்தரவு நிறுத்தி வைக்கப்பட்டு, மனுக்கள் எப்படி நிராகரிக்கப்பட்டன என்பதை மாநிலங்கள் மறு ஆய்வு செய்ய வேண்டியதாயிற்று. செயற்கைக்கோள் படம் துணைச் சான்றாக மட்டுமே இருக்கலாம், மற்ற சான்றுகளுக்கு மாற்றாகாது என்று விதி தெளிவாகச் சொல்கிறது. உழுத வயலும் கட்டிய வீடும் அந்தப் படத்தில் தெரியும்; ஆண்டுக்கு ஆறு வாரம் மாடுகள் கடந்துபோகும் வழி தெரியாது.

புதிதாகத் தடை விதிக்கும் எந்த அறிவிக்கையிலும் ஒரு நிபந்தனையைச் சேர்க்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு பகுதியில் பழைய பயன்பாடு அதன் பழைய விதிகளோடு தொடரட்டும்; பக்கத்திலேயே ஒரு பகுதியில் நிற்கட்டும். இரண்டிலும் புல், பறவை, கன்று, களை ஆகியவற்றை ஊராரும் வனத்துறையும் சேர்ந்து ஐந்தாண்டுகள் எண்ணட்டும். எதை எண்ணுவது என்பதையும் இரு தரப்பும் சேர்ந்தே முடிவு செய்யட்டும். அதுவரை முழுத் தடை வேண்டாம். எண்ணுகிறவர்களுக்குச் சம்பளம் உண்டு என்பதையும், அதில் ஊர்க்காரர்களும் அடக்கம் என்பதையும் அந்த அறிவிக்கையிலேயே எழுதிவிட வேண்டும்.